மருத்துவர் பதில்: புது மானிட்டர் வந்ததிலிருந்து கண் எரிகிறது

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை. தினமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பல ஆண்டுகள் பயன்படுத்திய 17 அங்குல மானிட்டரை மாற்றிவிட்டு, இரண்டு மாதங்களுக்கு முன்பு 27 அங்குல மானிட்டர் வாங்கினேன். டிசிஓ, எனர்ஜி ஸ்டார், நீல ஒளி குறைவு, மினுக்கம் இல்லை என்று அத்தனை முத்திரைகளையும் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் மாலையானால் கண் எரிகிறது, எழுத்து மங்குகிறது, பிடரி இழுத்துப் பிடிக்கிறது. பழைய மானிட்டரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. முத்திரைகள் பொய்யா? கதிர்வீச்சு காரணமாக இருக்குமா? நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? பழைய மானிட்டரைக் கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் கொடுக்கலாமா? (நான் அணிவது புரோகிரசிவ் கண்ணாடி.)

பதில்: கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அதில்தான் பாதி விடை இருக்கிறது. முத்திரைகளுக்குப் பிறகு வருகிறேன்.

புரோகிரசிவ் கண்ணாடியில் மேல் பகுதி தூரத்துக்கு, கீழ்ப் பகுதி கைக்கெட்டும் தூரத்தில் படிப்பதற்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான பகுதிதான் கணினித் திரையின் தூரத்துக்குப் பொருந்தும். 17 அங்குலத் திரையில் அந்தப் பகுதி வழியாகச் சிரமமின்றிப் பார்த்துவந்தீர்கள். 27 அங்குலத் திரையின் மேல் விளிம்பு, அதே மேசையில் வைத்தாலும், சில விரற்கடை உயர்ந்துவிடும். மேல் வரிசையில் இருக்கும் எண்ணைப் படிக்க நீங்கள் முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்க்கிறீர்கள். உங்களுக்கே தெரியாமல் நடக்கும் காரியம் இது. நம்பாவிட்டால், வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பிடரி இழுப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியிருக்காது.

கண் எரிச்சலுக்கும் இதே உயரத்துக்கும் உறவு உண்டு. பார்வை தாழ்ந்திருக்கும்போது மேலிமை கண்ணில் பாதியை மூடியிருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது கண் அகலத் திறந்து, கண்ணீர்ப் படலம் வேகமாக ஆவியாகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் சிமிட்டுகிறவர்கள்கூட, திரையில் கவனம் குவிந்ததும் ஐந்தாறு முறைக்கு இறங்கிவிடுகிறார்கள். அதிலும் பல அரைச் சிமிட்டல்கள். இமைகள் முழுதாகச் சேர்வதே இல்லை. மாலையில் எழுத்து மங்குவதும், கண்ணைச் சிமிட்டினால் கொஞ்ச நேரம் தெளிவதும் வறண்ட கண்ணின் அடையாளங்கள். உங்கள் வயதில், மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களுக்குக் கண் வறட்சி கூடுவது வழக்கம். ஒவ்வாமைக்கோ மன அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது விஷயம் ஒளி. பழைய மானிட்டரின் பின்விளக்கு ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல மங்கி மஞ்சளித்திருக்கும்; உங்கள் கண் அதற்குப் பழகியிருந்தது. புதியதைத் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய முழு ஒளிர்வில்தான் அனுப்புகிறார்கள்; கடையில் பளிச்சென்று தெரியவேண்டுமே! பொத்தானைத் தொடாமல் அப்படியே எட்டு மணி நேரம் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையிலும் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தாளைவிடத் திரை விளக்கைப்போல ஒளிர்ந்தால் ஒளிர்வு அதிகம். சாம்பல் பூத்ததுபோலத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்வரை கூட்டியோ குறைத்தோ வையுங்கள். பகலில் ஒரு அளவு, இரவில் வேறு அளவு என்று வரும், அது சரிதான்.

ஆகச் செய்யவேண்டியவை சில. தாங்கியைக் கடைசிவரை இறக்குங்கள். பொதுவாகத் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரலாம் என்பார்கள். புரோகிரசிவ் அணிபவருக்கு அதற்கும் கீழே இருக்கவேண்டும். தாங்கி இறங்காவிட்டால் நாற்காலியை உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். திரையைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்து, 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். 27 அங்குலத்துக்கு 70-ஐ ஒட்டியே இருக்கட்டும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். சன்னல் உங்களுக்கு முன்னாலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். மின்விசிறிக் காற்றோ குளிர்சாதனக் காற்றோ நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியுள்ள பொருளை இருபது வினாடி பார்க்கச் சொல்லும் விதி பிரபலமானது. எண்ணில் பிடிவாதம் வேண்டாம். தூரத்தைப் பார்க்கும் அந்த நேரத்தில் கண்ணை நான்கைந்து முறை முழுதாக மூடித் திறப்பதே முக்கியம்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கண்ணிலிருந்து திரைவரை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கணினிக்கென்று தனிக் கண்ணாடி எழுதுவதானால் அந்தத் தூரத்துக்குத்தான் எழுதவேண்டும். நாளெல்லாம் கணக்கு எழுதும் உங்களுக்கு அதுவே தேவைப்படும் என்பது என் கணிப்பு. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை நாளில் நான்கு முறைக்கு மேல் விடவேண்டியிருந்தால், பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையைக் கேளுங்கள். சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதை நிறுத்தியதும் சிவப்பு இரட்டிப்பாகத் திரும்பும். திடீரென்று பார்வை குறைவது, மின்னல்போல வெட்டுவது, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து கண் கடுமையாக வலிப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவற்றுக்கு வாரக் கணக்கில் காத்திருக்கக் கூடாது, அன்றே போகவேண்டும்.

இனி முத்திரைகள். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உங்கள் கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. எனர்ஜி ஸ்டார், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் தொடங்கியது. முதலில் முத்திரை பெற்றவையே கணினிகளும் மானிட்டர்களும்தான். அது மின்சாரச் செலவைச் சொல்கிறது. சிஇ என்ற எழுத்துகள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியிருப்பதாகத் தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி. தரச் சான்றும் அல்ல, சுற்றுச்சூழல் சான்றும் அல்ல. குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிப் படம், இதை வீட்டுக் குப்பையோடு போடாதே என்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவற்றை மின்னணுச் சாதனங்களில் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அந்த நச்சு திரையிலிருந்து பறந்து வந்து உங்கள் கண்ணில் படாது. தொழிற்சாலையில் உதிரிகளைப் பற்றவைத்து ஒட்டியவரின் நுரையீரலிலும், பின்னாளில் உடைப்பவரின் இரத்தத்திலும்தான் சேரும். சுற்றுச்சூழல் முத்திரை முதலில் காப்பது அவர்களை. அதற்காகவே அதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பேன்.

டிசிஓ கொஞ்சம் விதிவிலக்கு. ஸ்வீடனின் அலுவலக ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு, திரை முன்னால் உட்காரும் தன் உறுப்பினர்களின் நலனுக்காக 1992-இல் கொண்டுவந்த முத்திரை அது. உழைப்பவர்கள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட விதி என்பதால் எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டு. முதலில் அது பார்த்தது மின்காந்தப் புலமும் மின்சேமிப்பும். 1995 பதிப்பில் பிளாஸ்டிக்கில் கலக்கும் புரோமின் சார்ந்த தீத்தடுப்பிகளும் சேர்ந்தன. இன்று தொழிற்சாலைப் பணிச்சூழல்வரை அது கேள்வி கேட்கிறது. படத்தின் ஒளிர்வையும் மாறுபாட்டையும் தாங்கியின் சாய்வையும்கூடச் சோதிக்கிறது. ஆனால் அந்தச் சோதனைக்கு உங்கள் மேசையின் உயரமும் தெரியாது, உங்கள் கண்ணாடியும் தெரியாது. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: வெளியார் சோதித்துத் தரும் முத்திரை வேறு, நிறுவனமே அட்டையில் அச்சடித்துக்கொள்ளும் பச்சை இலை வேறு. முந்தையதைத் தரும் அமைப்பின் பட்டியலில் உங்கள் மானிட்டரின் மாடல் எண்ணைத் தேடிச் சரிபார்க்கலாம். பிந்தையதற்கு அப்படி ஒரு பட்டியலே இருக்காது.

மினுக்கம் இல்லை என்ற முத்திரையை நீங்களே சோதிக்கலாம். சில மானிட்டர்கள், ஒளிர்வைக் குறைக்கும்போது பின்விளக்கை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுகின்றன. இருட்டறையில் ஒளிர்வைக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். கலங்கிய ஒரே நிழலாகத் தெரிந்தால் சரி. பல பென்சில்கள் வரிசையாக நிற்பதுபோலத் தெரிந்தால் மினுக்கம் இருக்கிறது. தலைவலி வரும் சிலருக்கு இது உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை.

கதிர்வீச்சுப் பயம், முதுகு பெருத்த கண்ணாடிக் குழாய் மானிட்டர்களின் காலத்து மிச்சம். அவற்றில் எலெக்ட்ரான்கள் மோதும் இடத்தில் மிக மெலிந்த எக்ஸ் கதிர் உண்டாகும். அதைத் தடுக்கவே கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள். அந்தக் காலத்திலும், கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு கூடுகிறதா என்று அமெரிக்கத் தொலைபேசி ஊழியர்களிடம் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார்கள், கூடவில்லை. இன்றைய தட்டைத் திரையில் அந்தக் குழாயே இல்லை. உங்கள் பட்டியலிலிருந்து இதை அடித்துவிடுங்கள்.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கவேண்டாம். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, குறுகிய கால அளவில் அதனால் கண் சோர்வு குறைவதாகக் காணவில்லை. திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகல் வெளிச்சத்தில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். இரவு படுக்கப்போகும் முன் திரையின் ஒளிர்வைத் தாழ்த்துவது தூக்கத்துக்கு நல்லது. அதற்கு மானிட்டரில் உள்ள பொத்தானே போதும்.

பழைய மானிட்டரை மகனுக்குத் தாராளமாகக் கொடுங்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது, எந்தப் பச்சை முத்திரைக்கும் குறைந்ததல்ல. எழுத்து தெளிவாக இருக்கிறதா, விளக்கு துடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துத் தட்டைத் திரைகளில் பின்விளக்கு பெரும்பாலும் மெல்லிய குழல்விளக்கு. அதற்குள் சிறிதளவு பாதரசம் இருக்கும். உடையாதவரை ஆபத்தில்லை. விழுந்து நொறுங்கினால் சன்னல்களைத் திறந்துவிட்டு அறையிலிருந்து கொஞ்ச நேரம் வெளியேறுங்கள். துடைப்பமோ வேக்யூம் கிளீனரோ வேண்டாம். கையுறை அணிந்து, கெட்டித் தாளால் சில்லுகளைத் திரட்டி மூடியுள்ள கலத்தில் போடுங்கள். மானிட்டரின் ஆயுள் முடிந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான். கொடுக்கும்போது கேபிள்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். செம்புக்காகத் திறந்தவெளியில் போட்டு எரிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். அந்தப் பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் புகையில் டையாக்சின் என்ற நச்சு இருக்கிறது.