சாக்கடை என்பது வசவுச் சொல் அல்ல

கேள்வி: அமெரிக்காவின் மில்வாக்கி நகரை ஆண்ட மூன்று சோஷலிஸ்ட் மேயர்களைச் ‘சாக்கடை சோஷலிஸ்டுகள்’ என்கிறார்களே, எந்த ஊரானாலும் அரசியல் சாக்கடைதான் என்பதாலா?

பதில்: சாக்கடையை வசவாக்குவதை இந்தப் பக்கம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஓடும் சாக்கடை ஊரைக் காக்கிறது. நாறினால் அடைத்தவரைத் திட்டுங்கள்.

அந்தப் பெயரை வைத்தது எதிர்க்கட்சி அல்ல, சொந்தக் கட்சி. 1932-ல் சோஷலிஸ்ட் கட்சி மாநாடு மில்வாக்கியிலேயே கூடியது. நியூயார்க்கின் மாரிஸ் ஹில்குவிட்டை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு மில்வாக்கி மேயர் டேனியல் ஹோனை நிறுத்தினார்கள். புரட்சியை விட்டுவிட்டுக் குழாயையும் வடிகாலையும் பேசுகிற கூட்டம் என்று குத்திக்காட்டவே ஹில்குவிட் அந்தச் சொல்லை வீசினார். பதவியும் அவருக்கே கிடைத்தது. ஆனால் நியூயார்க் மேயர் தேர்தலில் 1917-லும் 1932-லும் நின்று தோற்றவர் அவர். ஹோன் 1916 முதல் 1940 வரை தொடர்ந்து 24 ஆண்டுகள் மேயர். அவருக்கு முன் எமில் சைடல் (1910–12), பின்னால் ஃபிராங்க் ஸைட்லர் (1948–60). மொத்தம் 38 ஆண்டுகள்.

அந்த ஊருக்கு ஏன் சாக்கடை தலைபோகிற காரியமாயிற்று? கழிவு முழுக்க ஆற்றில் விழுந்தது. ஆறு நாறியதும் 1888-ல் ஒரு சுரங்கம் வெட்டி, மிச்சிகன் ஏரித் தண்ணீரைப் பாய்ச்சி ஆற்றை அலசினார்கள். அலசிய அழுக்கு போய்ச் சேர்ந்ததும் அதே ஏரிதான். ஊர் குடித்ததும் அந்த ஏரித் தண்ணீரைத்தான். கழிவுநீர் ஆணையம் 1913-ல், சைடலைத் தோற்கடித்த டாக்டர் பேடிங் காலத்தில் அமைந்தது. அந்தப் பெருமையை அவருக்குத் தந்துவிட வேண்டும். ஆற்று முகத்தில் ஜோன்ஸ் தீவு நிலையம் எழும்பி 1925-ல் ஓடத் தொடங்கியது ஹோன் காலத்தில். அதற்காக அங்கே குடியிருந்த கஷூபிய (போலந்துக் கடற்கரையிலிருந்து வந்த) மீனவக் குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஜோன்ஸ் தீவு நிலையம் கையாண்டது 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அறிவித்த முறை. கந்தல், கட்டையைக் கம்பிச் சல்லடையில் பிடித்து, மணலைப் படியவிட்டு, மிச்ச நீரைத் தொட்டியில் விட்டு அடியிலிருந்து மணிக்கணக்கில் காற்றூத வேண்டும். பாக்டீரியா பெருகி அழுக்கைத் தின்று திரண்டு அடுத்த தொட்டியில் படியும். முக்கியமான வேலை இனிமேல்தான்: படிந்த சேற்றில் ஒரு பகுதியை மறுபடி முதல் தொட்டிக்கே திருப்ப வேண்டும். இட்லி மாவுக்குப் பழைய மாவைச் சேர்ப்பது போல. திருப்பாவிட்டால் பாக்டீரியாவை நீர் அடித்துக்கொண்டு போய்விடும். காற்று குறைந்தாலோ இழை பாக்டீரியா தலையெடுக்கும். சேறு பஞ்சாக உப்பிப் படிய மறுக்கும்.

மிஞ்சிய சேற்றைச் சுழலும் உலையில் உலர்த்தி 1926 முதல் ‘மில்ஆர்கனைட்’ என்ற உரமாக விற்கிறார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) 6 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 4, இரும்பு 2.5. தழைச்சத்து மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்கத்தான் வெளிவரும் என்பதால் புல் கருகாது. 2,500 சதுர அடிப் புல்தரைக்கு 14.5 கிலோ மூட்டை ஒன்று போதும். தொழிற்சாலைகள் உலோகக் கழிவைச் சாக்கடையில் விட்டால் அது உரத்தில் ஏறிவிடும். அதனால் உரத்தின் தரத்தைக் காக்கும் வேலை ஆலை வாசலிலேயே தொடங்குகிறது.

ஹோன் ஆட்சியில் எழுந்த 105 கூட்டுறவு வீடுகளைப் பற்றி இன்னொரு வாரம் எழுதலாம். சாக்கடையை விட்டு இப்போது நகர மனமில்லை.

காரணம், கழிவு சேரும் ஏரியிலிருந்தே குடிநீரும் எடுக்கும் ஊருக்கு 1993-ல் நேர்ந்தது. மேயர் ஜான் நார்க்விஸ்ட் காலம். அந்த வசந்தத்தில் தெற்கே ஹோவர்ட் அவென்யூ குடிநீர் நிலையத்தில் வடிகட்டிய பிறகும் நீர் கலங்கலாகவே வந்தது. ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்ற ஒட்டுண்ணி வீட்டுக் குழாய்வரை போயிற்று. அதன் ஓடு தடிப்பு, குளோரினுக்குச் சாகாது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பலர் இறந்தார்கள். பிறகுதான் ஓசோன் வாயுவால் கிருமியைக் கொல்லும் முறை வந்தது. நீர் எடுக்கும் குழாயும் ஏரிக்குள் இன்னும் தள்ளி நீண்டது.