வாசகர் கேள்விகள்: அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப்

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. என்ன வேலை தருவார்கள்? என்ன கற்றுக்கொண்டு போகலாம்?
– வாசகி, தென்காசி

1814இல் தொடங்கிய, நாட்டிலேயே மூத்த அருங்காட்சியகம் அது. மத்தியப் பிரதேசத்துப் பழைய பௌத்தச் சின்னமான பார்ஹுத் தூபியின் செம்மணற்கல் வேலிக்குப் பக்கத்தில் நின்று ஆராய்ச்சி செய்யலாம் என்று நினைத்துப் போனால் முதல் வாரமே சப்பென்று ஆகிவிடும். எந்த அருங்காட்சியகமானாலும் புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் பதிவேட்டு வேலைதான். எங்களைக் கேட்டால், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஒவ்வொரு பொருளுக்கும் பதிவெண் உண்டு. 2019.14.3 என்றிருந்தால், பொதுவாக 2019இல் வந்த 14ஆவது தொகுதியின் 3ஆவது பொருள். பழைய சேகரிப்புகளில் ஒரே சிலையில் இரண்டு மூன்று எண்கள்கூட இருக்கும். எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் போனால் அது எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்ற தகவலும் அதோடு போய்விடும். பிறகு அது வெறும் கல்.

மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழுள்ள அருங்காட்சியகங்களுக்காக அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய, பொருள்களின் விவரங்களைப் பதியும் மென்பொருள் ‘ஜதன்’. இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு எழுத்துக்கூட்டல். சோழர் என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்தால் தேடும்போது பாதிச் சிலைகள் வராது. அங்கே வைத்திருக்கும் சொற்பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ளபடியே அடியுங்கள்.

பொருளில் எண் எழுதும் வேலை வந்தால் கவனம் தேவை. கல், சுடுமண், உலோகத்தில் முதலில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு நிறமி மையால் எண். அதன்மேல் இன்னொரு பூச்சு, ஒரே இழுப்பில். திரும்பத் தேய்த்தால் மை கரைந்து இழுபடும். அடிப்பூச்சு இல்லாமல் சுடுமண்ணில் எழுதினால் மை துளைகளுக்குள் இறங்கிவிடும், எடுக்க வராது. காகிதத்துக்கு 2பி பென்சில், பின்பக்க ஓரத்தில். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைப்பார்கள்.

தூக்குவதற்கு முன், இறக்கி வைக்கும் இடம் காலியா என்று பாருங்கள். மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்றி வையுங்கள். பானையை விளிம்பிலோ கைப்பிடியிலோ பிடிக்காதீர்கள். அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. உலோகத்துக்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. பீங்கானுக்குப் பருத்திக் கையுறை வேண்டாம், வழுக்கும். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது.

கேள்வி: வெண்கலச் சிலையில் இளம்பச்சைப் பொடி உதிர்ந்தால் துடைத்துவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

கூடாது. கெட்டியாக ஒட்டிய கரும்பச்சைப் படலம் பொதுவாகக் கெடுதல் செய்யாது. வெளிறிய பச்சையில் மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் மறுபடி வந்தால் அது ‘வெண்கல நோய்’. மண்ணிலிருந்து உலோகத்துக்குள் போன குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து உள்ளே தின்றுகொண்டே போகிறது. உதிர்ந்த இடத்தைப் படம் எடுங்கள், தேதி குறியுங்கள், காப்பாட்சியரிடம் சொல்லுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைப்பார்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அதன் வேலை முடிந்தது; மாற்ற வேண்டும். கொல்கத்தா போன்ற ஊரில் மழைக்காலத்தில் இதை மறந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கேள்வி: சேமிப்பறையில் எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். எந்த அலமாரி, என்ன பூட்டு, கேமரா எங்கே என்பதெல்லாம் பின்னணியில் விழும். சிலைத் திருட்டு வழக்குகளைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும், அதுவும் காட்சிக்கூடத்தில்.

கேள்வி: மகளை இவ்வளவு தூரம் அனுப்பும் முன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?
– ஒரு தந்தை, காரைக்குடி

உதவித்தொகை உண்டா, தங்குமிடம் தருவார்களா, யாருக்குக் கீழே வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, முடிவில் சான்றிதழ் தருவார்களா. இந்த ஐந்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. பல இடங்களில் உதவித்தொகையே கிடையாது என்பதால், வாடகைக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். கல்லூரியின் சான்றுக் கடிதம், ஆதார் நகல், புகைப்படங்கள் இரண்டு செட் இருக்கட்டும். ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்று விடுதிக்கு. கொல்கத்தா என்றால் சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும், முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையம் அருங்காட்சியகத்துக்குப் பக்கம். வாடகை அங்கே அதிகம் என்பதால், மெட்ரோ பாதையில் சற்றுத் தள்ளி அறை பாருங்கள். பார்வையாளருக்குத் திங்கள் விடுமுறை. பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அன்றைக்குத்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்சிப்பெட்டிகளைத் திறந்து பொருள்களை இடம் மாற்றும் வேலையைப் பல அருங்காட்சியகங்கள் கூட்டமில்லாத நாளில்தான் வைத்துக்கொள்கின்றன.