லாங்கே கிராமங்களில் ஐந்து நாள்: பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: வரும் அக்டோபரில் நானும் மனைவியும் இத்தாலி போகிறோம். பரோலோ ஒயின் விளையும் லாங்கே பகுதியில் அவசரமில்லாமல் ஐந்து நாள் இருக்க ஆசை. ஒரு ஏஜென்சி, கார் வாடகையோடு ‘ஐந்து நாளில் ஆறு ஊர், எட்டு ஒயினரி’ என்று பேக்கேஜ் தருகிறது. மனைவி சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். பேக்கேஜை வாங்கலாமா? திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

பதில்: அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அங்கே ஊருக்கு ஊர் தூரமே இல்லை. ஒயினுக்குப் பெயர் தந்த பரோலோ கிராமத்திலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக நடந்து ஏறினால் மலைமேல் இருக்கும் லா மோர்ராவுக்கு இரண்டு மணி நேரம் போதும். இதற்குப் போய் தினம் பெட்டி கட்டி, அறை மாற்ற ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஏதாவது ஒரு ஊரில் ஐந்து நாளும் தங்குங்கள்.

தங்க ‘அக்ரிதூரிஸ்மோ’ பாருங்கள். இத்தாலியச் சட்டப்படி, விவசாயம் செய்பவர்தான் அந்தப் பெயரில் விடுதி நடத்த முடியும். அதனால் காலையில் காபி கொடுப்பவரே தோட்டத்துக்காரராகவும் இருப்பார். அக்டோபரில் பக்கத்து ஆல்பா நகரில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான்) சந்தை நடக்கும், வார இறுதியில் அறை வாடகை எகிறும். திங்கள் முதல் வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி தனியாக உண்டு. முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் மனைவியின் சாப்பாடுதான் எனக்குக் கவலை. அந்த ஊரின் பெருமையான ‘பிளின்’, நகம் அளவுக்குக் கிள்ளி மூடிய பாஸ்தா. வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் போட்டு வரும், பார்க்கச் சுத்த சைவம். உள்ளே இருப்பது இறைச்சி! ‘பான்யா கவுதா’ என்று தட்டு நிறையக் காய்கறி வரும், தொட்டுக்கொள்ளும் குழம்பில் நெத்திலி கரைந்திருக்கும். ‘தயரின்’ என்ற மெல்லிய பாஸ்தாவின் மாவையே முட்டை மஞ்சள் கருவில்தான் பிசைவார்கள். அரிசியில் செய்யும் ரிசோத்தோவிலும் இறைச்சிச் சாறு சேர்வது சகஜம். விடுதிக்கு முதல் நாளே ‘சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா’ என்று சொல்லிவிடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். சமையலறையோடு அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ட்ரஃபிள் சைவம்தான், ஆனால் அதைத் தட்டில் சீவ விடுவதற்கு முன் கிராம் என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.

கார் வேண்டுமா? கிராமங்களுக்குப் பஸ் குறைவு, ஞாயிறன்று ரொம்பவே குறைவு. அதனால் இரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆல்பாவின் பழைய நகருக்குள் மட்டும் காரை விடாதீர்கள். அனுமதியில்லாத வண்டியைக் கேமரா பிடித்துவிடும். எனக்கு இத்தாலியில் வேறொரு ஊரில் இப்படி நடந்தது. ஊர் திரும்பி வெகு நாள் கழித்து அபராதம் வந்தது. அதற்கு முன்பே, என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் கார்டில் தனிக் கட்டணம் பிடித்துவிட்டது. ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை, நீங்கள் படியுங்கள். ஒயின் ருசிக்கும் நாளில் கார் வேண்டவே வேண்டாம்.

ஒயினரி ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சின்னக் குடும்பத் தோட்டங்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் கதவு திறக்கும். ருசிக்கக் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் சிலர் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

பாட்டில் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். தொடர் எண் அச்சிட்ட காகிதப் பட்டை மூடியின் மேல் ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லாமல் பரோலோ விற்க முடியாது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் பரோலோ முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது விதி. 2022 திராட்சை 2026 ஜனவரிக்குமுன் கடைக்கு வராது. விலை அதிகமாகத் தெரிந்தால், அதே வகைத் திராட்சையில் செய்த ‘லாங்கே நெபியோலோ’ ஒயின் கேளுங்கள். இது கைக்கு அடக்கமான விலை.

இந்தியாவுக்குள் ஒருவர் சுங்கமில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். பாட்டில் 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு, மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். கைப்பையில் விட மாட்டார்கள், துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்கு நடுவில் வையுங்கள்.