பித்தா, மூளை அழற்சியா?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில் என் அக்காள் மகள் உறக்கமின்றிப் பிதற்றத் தொடங்கினாள். ஏர்வாடி தர்காவுக்குப் புறப்படும் வேளையில் வலிப்பு வந்தது. மதுரையில் முதுகுத்தண்டு நீரைச் சோதித்து, 'நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையைத் தாக்குகிறது' என்றார்கள். இதைக் கண்டறிந்தவர் யார்?
- வாசகி, கீழக்கரை

பதில்: இந்த மூளை அழற்சியைக் கண்டறிந்தவர் ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் ஜோசப் டால்மாவ். நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் நரம்புக் கோளாறுகளை ஆராய்ந்த அவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, மனநோய்க் குறிகளோடு வந்த 12 பெண்களின் உடலில் ஒரே வகை எதிர்ப்புரதம் (நோயெதிர்ப்பு ஆற்றல் உருவாக்கும் புரதம்) இருப்பதை 2007இல் குழுவினருடன் வெளியிட்டார். பெரும்பாலோருக்குச் சினைப்பையில் கட்டி இருந்தது. அந்த எதிர்ப்புரதம் மூளைச் செல்லைக் கொல்வதில்லை, அதன் மேற்பரப்பில் நரம்புச் செய்திகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உள்ளிழுக்கச் செய்கிறது. பாம்பனில் வல்லங்களை மேட்டில் ஏற்றிவிட்டால் கடல் தொழில் நிற்கும், வல்லம் உடைவதில்லை அல்லவா? அதனால்தான் நோயெதிர்ப்பு ஆற்றலின் தாக்குதலைத் தணிக்கும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஆகிய மருந்துகளாலும், கட்டி இருப்பின் அதை அகற்றுவதாலும் பலர் தேறுகிறார்கள். தேறுதலுக்கு மாதங்கள் ஆகலாம். சிலருக்கு நோய் திரும்புவதும் உண்டு என்பதால் மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தர்காவுக்குச் செல்வதை நான் குறை கூறவில்லை. வலிப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்கிறேன். டால்மாவ் பின்னர் பார்சிலோனா திரும்பி இதே ஆய்வைத் தொடர்ந்தார்.