துருப்பிடித்த தகட்டை எடைக்குப் போடாதீர்கள்: பழைய பைக் சீட் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சீட் பற்றியவை. எஞ்சினைப் பிரித்து மேய்கிற ஆட்கள்கூட சீட் என்று வந்துவிட்டால் கடைக்காரர் நீட்டியதை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் போல்ட் சேரவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட் என்பது மூன்று சாமான்: அடியில் தகடு, நடுவில் ஃபோம், மேலே ரெக்சின். பின்னிரண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும். தகடுதான் உங்கள் வண்டிக்கென்றே அடித்தது.

யமஹா ஆர்எக்ஸ் 100, 1993 மாடல். சீட்டின் அடித்தகடு துருப்பிடித்து முன்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. "பழசைக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (திருச்சி)

புதுசு வாங்குவது உங்கள் இஷ்டம். பழசைக் கொடுக்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றுவிட்டது. இன்று கடையில் தொங்குகிற சீட்டில் பெரும்பாலானவை யாரோ அச்சு எடுத்து அடித்தவை. சில நன்றாகவே இருக்கும். பல, தகடு மெலிசாக, கொக்கி ஒரு பக்கம் சாய்ந்து, டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்தோடு இருக்கும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வண்டியையே கடை வாசலுக்குக் கொண்டுபோய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய தகட்டைக் கையில் எடுத்துப்போய் முதுகோடு முதுகு ஒட்டிவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

பழையதைத் தேற்ற முடியுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சீட்டைக் கழற்றிக் குப்புறப் போடுங்கள். ரெக்சினைக் கவ்விப் பிடிக்கிற சின்னச் சின்னப் பற்கள் ஓரம் முழுக்க இருக்கும். மொட்டையான ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாக, மெல்ல நிமிர்த்துங்கள். துருப்பிடித்த பல் ஒரே மடக்கில் ஒடிந்துவிடும், அவசரப்படக் கூடாது. ரெக்சினையும் ஃபோமையும் எடுத்த பிறகு தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக ஒளி தெரிகிற இடமெல்லாம் போன இடம். தெரியாத இடத்திலும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அதுவும் போனதுதான்.

போல்ட், கொக்கி, பூட்டு இருக்கும் இடங்கள் திடமாக இருந்தால் போதும், மற்றதை ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். போன இடத்தை வெட்டி எடுத்துவிட்டு 20 கேஜ் தகட்டில் துண்டு வெட்டி, நல்ல டிங்கர் ஒருவரிடம் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஃபோம் துண்டு ஒன்றுகூடத் தகட்டில் ஒட்டியிருக்கக் கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு, இரண்டு கோட் கறுப்பு பெயின்ட். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் ஏற்கெனவே துளை இல்லாவிட்டால் சின்னதாக ஒன்று போட்டுவிடுங்கள். தகடு துருப்பிடிப்பதற்குக் காரணமே ஃபோம் குடித்த மழைத் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாததுதான்.

கொடுக்கும் முன் தகட்டை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, உள்பக்கம் ஆணியால் உங்கள் அடையாளம் ஒன்று கீறிவிடுங்கள். பட்டுத்தான் சொல்கிறேன். அப்பாவின் ராஜ்தூத் சீட்டை ஒரு கடையில் ரெக்சின் மாற்றக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. வீட்டில் மாட்டினால் பின் போல்ட் அரை அங்குலம் தள்ளி நிற்கிறது. தகட்டையே மாற்றியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் போய் நின்றால், பழையது எடைக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த வண்டிக்குச் சரியான தகடு சென்னை புதுப்பேட்டையில் கிடைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

யெஸ்டி ரோடுகிங்குக்கு ஆன்லைனில் "யெஸ்டி சீட்" என்று தேடி வாங்கினேன். எந்தத் துளையும் சேரவில்லை. திருப்பியும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். (சேலம்)

பழைய ஜாவாவையும் யெஸ்டியையும் செய்த மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. அந்தப் பெயர்கள் திரும்பி வந்தபோது (ஜாவா 2018-ல், யெஸ்டி 2022-ல்) வண்டி முற்றிலும் வேறு. உங்களுடையது டூ ஸ்ட்ரோக், புதியவை ஃபோர் ஸ்ட்ரோக்; சேசிஸிலும் எந்த ஒட்டுறவும் கிடையாது. ஆனால் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும். உங்களுக்கு வந்தது புதிய யெஸ்டியின் சீட்டாக இருக்கலாம். புல்லட்காரர்களுக்கும் இதே கதைதான்: "கிளாசிக்" என்று போட்டால் 2009-க்குப் பிறகு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் வண்டியின் சீட்தான் முதலில் வந்து நிற்கும்.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சீட்டைக் குப்புறப் போட்டு எடுத்த போட்டோ. முன் கொக்கிக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவிலான தூரம், மில்லிமீட்டரில், டேப்பை வைத்தபடியே எடுத்த போட்டோ. டேங்க்கைத் தொடுகிற முனையின் அகலம். மேல்பக்கப் போட்டோ மட்டும் அனுப்பி "யுனிவர்சல் சார், எல்லாத்துக்கும் சேரும்" என்பவரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சேரும் சீட் எதற்கும் ஒழுங்காகச் சேராது.

வந்த சீட்டை வைத்து வெல்டிங் அடித்து வண்டியில் பிராக்கெட் புதிதாக வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். சேசிஸில் கை வைத்தால் பிற்பாடு அசல் சீட் கிடைத்தாலும் உட்காராது. வெல்டிங் வேண்டுமானால் சீட் தகட்டில் வையுங்கள்.

அசல் தகடு கிடைக்கவே இல்லையா? உங்கள் ஊரில் அதே மாடல் வைத்திருப்பவர் யாராவது இருப்பார். ரோடுகிங்காரர்கள் தாராள மனசுக்காரர்கள், ஒரு நாள் சீட்டைக் கடன் கொடுப்பார்கள். அதை அச்சாக வைத்து ஃபைபர் வேலை செய்கிறவரிடம் ஒரு அடித்தளம் ஊற்றிக்கொள்ளலாம். போல்ட் வரும் இடத்தில் அகலமான வாஷரை ஃபைபருக்குள்ளேயே புதைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் பிய்த்துக்கொள்ளும்.

பழைய புல்லட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்பிரிங் வைத்த தனித்தனி சீட். முன்சீட் இடதுபக்கம் சாய்கிறது, ஒரு ஸ்பிரிங்கில் விரிசல். புது சீட் எங்கே கிடைக்கும்? (நாகர்கோவில்)

புது சீட் தேடும் முன் எது கெட்டது என்று பாருங்கள். இந்த சீட்டின் மூக்கு ஒரே ஒரு போல்ட்டில் ஆடுகிறது, பின்பக்கத்தை இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. பாதி வண்டிகளில் சாய்வுக்குக் காரணம் ஸ்பிரிங்கே இல்லை, அந்த மூக்கு போல்ட் தேய்ந்து, அது நுழைகிற உலோக வளையம் (புஷ்) முட்டை வடிவம் ஆகியிருக்கும். சீட் மூக்கைக் கையால் பிடித்து இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் லேத்தில் வெண்கல புஷ் ஒன்று கடைந்து போட்டால் முடிந்தது.

விரிசல் விட்ட ஸ்பிரிங்கை எக்காரணம் கொண்டும் பற்றவைக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும், ஏதாவது ஒரு வேகத்தடையில் அங்கேயே படக்கென்று உடையும். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் சாய்வு அடுத்த பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

1955-ல் திருவொற்றியூரில் தொடங்கி அத்தனை வருஷம் ஓடிய வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, அங்கே இல்லாவிட்டால் டெல்லி கரோல் பாக். அங்கிருந்து பார்சலில் வரும் ஸ்பிரிங் சீட்டில் ஃபோம் மட்டும் சுமாராக இருக்கும், கூடு பெரும்பாலும் மோசமில்லை. புதிய கிளாசிக் மாடலின் ஸ்பிரிங் சீட்டைக் காட்டி அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மாட்டுகிற இடமே வேறு.

சீட்டுக்குப் புது ஃபோம் போட்டேன். கடையில் உட்கார்ந்தபோது மெத்தை மாதிரி இருந்தது. நாற்பது கிலோமீட்டரில் உட்கார முடியவில்லை. (மதுரை)

மெத்தை மாதிரி இருந்தது என்றீர்களே, அதுதான் கோளாறு. கட்டில் மெத்தைக்குப் போடுகிற மெத்தென்ற ஃபோமைப் போட்டிருக்கிறார்கள். அது உங்கள் எடைக்கு அப்படியே அமுங்கி, கொஞ்ச நேரத்தில் நீங்கள் தகட்டின் மேல் உட்கார்ந்திருப்பீர்கள். கட்டைவிரலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தகடு தட்டுப்பட்டால் அந்த ஃபோம் ஆகாது.

கீழே ரீபான்ட் ஃபோம் போடச் சொல்லுங்கள். கலர் கலராகத் துணுக்குகளைச் சேர்த்து அழுத்தியது. டென்சிட்டி 100-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு அங்குலத்துக்கு மிருதுவான நல்ல ஃபோம். கடையில் உட்காரும்போது கட்டை மாதிரி இருக்கும், சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு மாதம் ஓட்டினால் படியும். வெட்டும்போது பழைய சீட்டின் வளைவு முக்கியம்: ஓட்டுபவர் இடத்தில் கொஞ்சம் குழிவாக, தொடை வரும் ஓரத்தை உருட்டிவிட்டு. அந்த ஓரத்தைச் சதுரமாக விட்டால் சிக்னலில் கால் ஊன்ற எட்டாது. பழைய ஃபோம் ஓரத்தில் மட்டும் உதிர்ந்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் துண்டு ஒட்டிச் செதுக்கினால் போதும். அச்சில் வார்த்த பழைய ஃபோமுக்கு ஈடாக இன்று வெட்டி ஒட்டுவது அபூர்வம்.

புது கவர் போட்டும் மழை பெய்தால் உள்ளே தண்ணீர் போகிறது. உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது. (கடலூர்)

தையல் வழியாகப் போகிறது. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று விரித்துவிடச் சொல்லுங்கள். நடுவில் அலங்காரக் கோடு தைப்பது வேண்டாம். நூல் நைலானோ பாலியெஸ்டரோ மட்டும். பருத்தி நூல் இரண்டு மழையில் இற்றுவிடும். மாட்டுவதற்கு முன் கவரை அரை மணி நேரம் வெயிலில் போட்டால் இளகி, சுருக்கமில்லாமல் இழுபடும்.

எனக்கு ஒற்றை சீட் போட்டு ஓட்ட ஆசை. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் போலீஸ் பிடிக்குமா? (கோவை)

பிடிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை 2 என்று இருக்கும். அதிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. அந்தத் துணித்தடுப்பு அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கி விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். கண்காட்சிக்கு மட்டும் ஒற்றை சீட் வேண்டுமானால், நாலு போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்து, அசல் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டா சி 90 வைத்திருக்கிறேன். வேறு சீட் போட்ட பின் பள்ளத்தில் விழும்போதெல்லாம் சீட் எழும்பி எழும்பி அடிக்கிறது. (யாழ்ப்பாணம்)

சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். அசல் சீட்டில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணம் ஒன்று இருக்கும், சீட்டைக் கீழே இழுத்துப் பிடிப்பது அதுதான். பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருப்பதால் அடிக்கடி தூக்க வேண்டும், அதனால் பூட்டுக்குப் பதில் இந்த ஏற்பாடு. மாற்று சீட்டில் அந்த ரப்பர் இல்லை, அல்லது காய்ந்து வெடித்திருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதோடு, புது சீட்டின் தகடு பெட்ரோல் மூடியில் உரசுகிறதா என்பதையும் மூடிமேல் கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்து, சீட்டைச் சாத்தித் திறந்து பார்த்துவிடுங்கள்.

1968 ஜாவா. சீட் ரெக்சின் அசல், இரண்டு இடத்தில் கிழிசல். ரிஜிஸ்ட்ரேஷனுக்காக மாற்ற வேண்டுமா? (ஈரோடு)

50 வருஷம் தாண்டிய, அசல் உருவில் இருக்கிற வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்தது. எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கிழிந்த ரெக்சினுக்காக யாரும் வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். தினமும் வேலைக்குப் போகிற வண்டி என்றால் சாதாரணப் புதுப்பிப்பே போதும்.

கிழிசலுக்கு அடியில் துணி ஒட்டிவிட்டு அப்படியே விடுங்கள் என்பேன். அந்தச் சொரசொரப்பில் இன்று ரெக்சின் கிடைப்பதில்லை.

புது சீட் போட்ட மூன்றாம் நாள் தெருப்பூனை கீறிவிட்டது. என்ன செய்யலாம்? (விழுப்புரம்)

கோணிச்சாக்கு போட்டு மூடாதீர்கள், பூனைக்குக் கோணி என்றால் இன்னும் கொண்டாட்டம். வழுக்குகிற தார்ப்பாய்த் துணியால் மூடுங்கள். பழைய சீட் கவர் இருக்கிறதல்லவா, அதை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் சுற்றி வையுங்கள். என் பட்டறைப் பூனை நாலு வருஷமாக அதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறது.