பைதான் மாறியதும் படுத்துக்கொண்ட ஸ்க்ரிப்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பம்ப்செட் உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். இரவில் சரக்கிருப்பைக் கணக்கிட்டு, விலைப்பட்டியல் தயாரித்து, டீலர்களுக்கு மெயில் அனுப்பப் பைதான் நிரல்மொழியில் எழுதிய ஸ்க்ரிப்ட் ஒன்று வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டார். கணினியின் இயங்குதளத்தை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றியதும் ‘டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்று நின்றுவிட்டது. மைத்துனர் மகன் அந்த வரியை நீக்கி, ‘ஸ்டர்டூபூல்’ என்று இருந்த இடத்தில் ‘பூல்’ என்று போட்டான். ஓடியது. ஆனால் செட்டிங்ஸ் கோப்பில் மெயில் அனுப்புவதற்கு நேரே ‘நோ’ என்று வைத்துச் சோதித்தபோதே, அரைகுறைப் பட்டியல் எல்லா டீலர்களுக்கும் போய்விட்டது. எங்கே தப்பு?
— வாசகர், கோவை

பதில்: ஸ்க்ரிப்ட் பிழை காட்டி நின்றதே, அதுவரைக்கும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதை ஓட வைத்த விதத்தில்தான் கெடுதல் வந்தது.

உபுண்டு 22.04-இல் இருந்தது பைதான் 3.10, 24.04-இல் இருப்பது 3.12. டிஸ்ட்யூட்டில்ஸ் என்பது பைதான் பேக்கேஜ்களைக் கட்டி நிறுவுவதற்கான பழைய தொகுதி (மாட்யூல்). அதைக் கைவிடப்போவதாக 2021-இல் 3.10 வந்தபோதே சொல்லிவிட்டு, 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் எடுத்துவிட்டார்கள். விலைப்பட்டியலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அதன் ஒரு மூலையில் ஸ்டர்டூபூல் என்ற குட்டி ஃபங்ஷன் இருந்தது. பேக்கேஜ் வேலைக்கே சம்பந்தமில்லாதவர்களும் கைக்கு எட்டியதென்று எடுத்துப் புழங்கினார்கள்.

அது சொல்லைப் படித்துப் பார்க்கும். ‘யெஸ்’, ‘ட்ரூ’, ‘ஆன்’, ‘1’ என்றால் 1 தரும். ‘நோ’, ‘ஃபால்ஸ்’, ‘ஆஃப்’, ‘0’ என்றால் 0 தரும். புரியாத சொல் வந்தால் பிழை காட்டி நின்றுவிடும். பூல் சொல்லைப் படிப்பதே இல்லை. சரம் (எழுத்துத் தொடர்) காலியா, இல்லையா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. ‘நோ’ காலியான சரம் இல்லையே, அதனால் ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டது. நீங்கள் ‘0’ என்று எழுதியிருந்தாலும் மெயில் போயிருக்கும்.

செட்டிங்ஸ் கோப்பைப் பைதானோடு வரும் கான்ஃபிக்பார்சர் வழியாகப் படிக்கிறீர்கள் என்றால், அதிலேயே ‘கெட்பூலியன்’ இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கோப்பில் எங்காவது ‘ஒய்’, ‘என்’ என்று ஓரெழுத்தில் எழுதியிருந்தால் ஸ்டர்டூபூல் ஏற்றுக்கொண்டது, கெட்பூலியன் ஏற்காது. அவற்றை முழுச் சொல்லாக மாற்றிவிடுங்கள். வேறு வழியில் படிக்கிறீர்கள் என்றால் ஸ்டர்டூபூல் போன்ற ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளலாம், சில வரிகள்தான். புரியாத சொல்லுக்குப் பிழை காட்டும் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டிஸ்ட்யூட்டில்ஸிலிருந்து பதிப்பு எண்களை ஒப்பிடும் ‘லூஸ்வெர்ஷன்’ எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதை நீக்கிவிட்டு இரண்டு பதிப்பு எண்களைச் சரமாக ஒப்பிட்டால், 3.10 என்பது 3.9-ஐ விடச் சிறியது என்று வரும். பிழையும் காட்டாது. ‘பேக்கேஜிங்’ என்ற தொகுப்பில் இதற்கென்றே வெர்ஷன் இருக்கிறது. கான்ஃபிக்பார்சரிலும் பழைய ‘சேஃப்கான்ஃபிக்பார்சர்’, ‘ரீட்எஃப்பி’ இரண்டும் 3.12-இல் போய்விட்டன, முன்னதற்குக் கான்ஃபிக்பார்சர், பின்னதற்கு ‘ரீட்ஃபைல்’.

இன்னொன்று. ஸ்க்ரிப்டிலேயே அந்த இம்போர்ட் வரி இருந்ததால், 3.10 ஒவ்வொரு இரவும் ‘இது 3.12-இல் இருக்காது’ என்று எச்சரித்திருக்கும். ஸ்க்ரிப்டை இரவில் தானாக ஓட்டும் க்ரான் வரியின் கடைசியில், பிழைச் செய்திகளை எதையும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளும் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே எடுத்துவிட்டு, ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள். அடுத்த முறை உபுண்டுவை மாற்றுவதற்கு முன்பு, பெறுநர் பட்டியலில் உங்கள் முகவரியை மட்டும் வைத்து, எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘டபிள்யூ எர்ரர்’ சுவிட்சோடு ஒருமுறை ஓட்டுங்கள். எது உடையும் என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.

மைத்துனர் மகனைக் கோபிக்காதீர்கள், பூல் என்ற பெயரைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். டீலர்களுக்குத் தேதி போட்ட முழுப் பட்டியலை உடனே அனுப்பிவிடுங்கள். அந்த அரைகுறைப் பட்டியலை நம்பி யாராவது ஆர்டர் எடுத்துவிடப் போகிறார்கள்.

கேள்வி: உபுண்டு 24.04-க்கு வந்த பிறகு, பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் எதையும் நிறுவ மறுக்கிறது. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ சுவிட்சைச் சேர்த்தால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார். சேர்க்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. கணினியை உடைத்தாலும் பரவாயில்லை என்று அந்தப் பெயரே சொல்கிறது. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் உட்பட உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானில் ஓடுகின்றன. நீங்கள் நிறுவும் தொகுப்பு அவற்றுக்குத் தேவையான பதிப்பை மறைத்துவிடலாம். அதனால்தான் பிப்புக்கு இந்தப் பூட்டு. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இதே பூட்டைப் போட்டிருக்கிறது.

வென்வ் கொண்டு ஸ்க்ரிப்டுக்கென்று தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். க்ரானில் அந்தச் சூழலுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையை எழுதுங்கள். 22.04-இல் உருவாக்கிய சூழல் ஏற்கெனவே இருந்தால் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். அதிலுள்ள தொகுப்புகள் 3.10 என்ற பெயருள்ள ஃபோல்டரில் கிடக்கும், 3.12 அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. புதிதாக உருவாக்குங்கள். 3.12-லிருந்து புதுச் சூழலில் பேக்கேஜ் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் தானாக வராது, தேவைப்பட்டால் தனியாக நிறுவ வேண்டும்.

கேள்வி: பழைய பைதான் 3.10-ஐயே வைத்துக்கொண்டால் என்ன?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைத்துக்கொள்ளலாம், யூவி அல்லது பைஎன்வ் என்ற கருவி வழியாகத் தனியாக நிறுவி. கணினியின் பைதான்3 இணைப்பை மட்டும் பழையதற்குத் திருப்பிவிடாதீர்கள். 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரைதான். ஸ்க்ரிப்டில் டெல்நெட்லிப், சிஜிஐ என்ற தொகுதிகள் இருந்தால் அவற்றை இப்போதே மாற்றத் தொடங்குங்கள், 3.13-இல் நீக்கிய 19 தொகுதிகளில் அவையும் உண்டு.