மூன்றாவது மணி நேரத்துக்குத் தயாராகுங்கள், தம்பி

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். போன செப்டம்பரில் கனடாவுக்குக் கல்லூரியில் சேர வந்தவர். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நான்கு பையன்களோடு பேஸ்மென்ட் வாசம். ஊரில் எம்.இ. முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். பிஆருக்காக, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்காக, செல்பிப் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறார்: மார்ச் இரண்டாவது ஞாயிறு, காலை 8:30, மையம் டொராண்டோவுக்கு மேற்கே மிஸ்ஸிசாகாவில். முந்தின நாள் இரவு ஷிஃப்ட். "படிக்க வேண்டியதைப் படிச்சாச்சு அக்கா, அன்னைக்கு எப்படி இருக்கும், என்ன பண்ணணும், பக்கத்துல இருக்கறவன் கத்திப் பேசினா என்ன பண்றது?" இதுதான் கேள்வி.

தேதியைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. மார்ச் இரண்டாவது ஞாயிறுதான் நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கடிகாரம் மாறும் நாள். அதிகாலை 2 மணி நேராக 3 மணி ஆகிவிடும். நவம்பரில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைத்ததே, அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் நாள் இது. போன் தானாக மாறிவிடும், மைக்ரோவேவ் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் மாறாது. 8:30க்கு உட்காரும்போது உங்கள் உடம்புக்கு அது 7:30தான். இதோடு இரவு ஷிஃப்டும் பார்த்துவிட்டுப் போனால் தூக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அந்த ஷிஃப்டை இன்றைக்கே யாருடனாவது மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானம் போய்க் கேட்டால் எந்த மேனேஜரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார், ஒரு வாரம் முன்னாலேயே ஆளையும் பிடித்துக்கொண்டு போனால் சரி என்பார்.

அடுத்தது பயணம். ஞாயிற்றுக்கிழமை டொராண்டோ சப்வே காலை 8 மணி வாக்கில்தான் ஓட ஆரம்பிக்கும், மற்ற நாள் மாதிரி விடிகாலையில் இல்லை. கென்னடியில் ஏறி கிப்ளிங்கில் இறங்கி, அங்கிருந்து மிஸ்ஸிசாகா பஸ் பிடித்துப் போகிற கணக்கெல்லாம் அன்றைக்கு நடக்காது. போதாக்குறைக்கு வார இறுதியில் தண்டவாள வேலை என்று நடுவில் சில ஸ்டேஷன்களை மூடி ஷட்டில் பஸ் விடுவார்கள். இரவு பஸ்களில் மாறி மாறிப் போகலாம்தான், ஆனால் மார்ச் குளிரில் ஸ்டாப்பில் நின்று விறைத்துப்போய் பரீட்சைக்குள் நுழைவது வேண்டாம். ஒன்று, சனிக்கிழமை மாலையே மிஸ்ஸிசாகாவில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். இல்லையென்றால் கார் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள். அதுவும் இல்லையா, டாக்ஸிச் செலவைப் பரீட்சைக் கட்டணத்தோடு சேர்த்த செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிஆருக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், கணவன் மனைவி என்று துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிக்கிறவருக்குக் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு திறனில் ஒவ்வொன்றிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9 என்றால் 31 புள்ளி, 8 என்றால் 23. செல்பிப்பில் வருகிற லெவல்தான் சிஎல்பி, ஐஇஎல்டிஎஸ் தேர்வு மாதிரி அட்டவணை வைத்து மாற்ற வேண்டியதில்லை. மூன்றில் 9 வாங்கி எழுத்தில் மட்டும் 8 வந்தால் போவது 8 புள்ளிதானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கும். உங்கள் எம்.இ.யையும் மொழியையும் சேர்த்துக் கிடைக்கும் 50, வெளிநாட்டு வேலை அனுபவத்தையும் மொழியையும் சேர்த்துக் கிடைக்கும் 50, இரண்டுக்குமே நான்கு திறனிலும் 9 வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் இரண்டும் 25 ஆகிவிடும். 8, 25, 25. மொத்தம் 58 புள்ளி போச்சு. கனடாவில் ஓராண்டு முழுநேர வேலை அனுபவம் சேர்ந்தவர்களுக்கு இந்த ஓட்டை வேறு வழியில் அடைபடும். முழுநேரம் படிக்கும்போது பார்க்கிற பகுதிநேர வேலை அந்தக் கணக்கில் வராது என்பதால் உங்களுக்கு இப்போதைக்கு அடைபடாது.

ஆகவே, "கேட்டல் நல்லா வரும், எழுத்துல கொஞ்சம் போனா போகுது" என்கிற பேச்சுக்கு இடமில்லை. அதோடு பரீட்சையின் வரிசையையும் பாருங்கள்: கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு. எல்லாம் ஒரே அமர்வில், ஏறக்குறைய 3 மணி நேரம், கம்ப்யூட்டர் முன்னால். நம் ஆட்கள் அதிகம் வழுக்குவது எழுத்திலும் பேச்சிலும், அவை இரண்டும் கடைசியில் வருகின்றன. எழுத்துக்கு வரும்போதே 2 மணி நேரம் ஓடியிருக்கும், கண் எரியும், ஹெட்செட் காதை அழுத்திக்கொண்டிருக்கும். அன்றைய நாளுக்கான தயாரிப்பு முழுக்க அந்த மூன்றாவது மணி நேரத்துக்காகத்தான். முந்தின நாள் தூங்குவது, பஸ்ஸுக்கு ஓடாமல் போவது, வயிற்றைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அதில் சேர்த்தி.

சரி, நடுவில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். நீங்கள் பதிவு செய்திருப்பது செல்பிப் ஜெனரல்தானே? ஜெனரல் எல்எஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அது கேட்டலும் பேச்சும் மட்டும், குடியுரிமைக்கு எழுதுவது. பிஆருக்குச் செல்லாது. ஐஇஎல்டிஎஸ் பக்கம் போகிறவர்களும் இதே மாதிரி அகாடமிக்கைப் பதிவு செய்துவிட்டு வந்து நிற்பார்கள், பிஆருக்குக் கேட்பது ஜெனரல் ட்ரெய்னிங்.

அடையாள அட்டை விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். ஊரில் இனிஷியலோடு ஓட்டிவிடுவோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், சிலருக்கு முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். கல்லூரி அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி. பரீட்சைப் பதிவில் இருக்கும் பெயர் நீங்கள் காட்டப்போகும் அட்டையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் இன்றைக்கே எழுதித் திருத்தச் சொல்லுங்கள், வாசலில் நின்று "அது எங்க அப்பா பேருங்க" என்று விளக்க முடியாது. எந்த அட்டையின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தீர்களோ அதன் அசல் கையில் இருக்க வேண்டும். போனில் எடுத்த படம், ஜெராக்ஸ் எதுவும் எடுபடாது. புதுப்பிக்கிறேன் என்று இந்த நேரம் பார்த்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகிப் பரீட்சைத் தேதியைத் தள்ள வேண்டி வந்தது.

மையத்துக்குள் போனதும் போன், வாட்ச், பை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். தடிமனான கோட்டும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும், அதனால் உள்ளே ஒரு சாதாரண ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் அவர்களே தருவார்கள். உட்கார்ந்ததும் ஹெட்செட்டையும் மைக்கையும் சோதித்துப் பார்க்கச் சொல்லும் திரை வரும். அங்கே அவசரப்படாதீர்கள். ஒரு காதில் சத்தம் குறைவு, மைக்கில் கரகர என்று கேட்கிறது என்றால் உடனே கையைத் தூக்குங்கள். நமக்கு ஒரு கெட்ட பழக்கம், "சமாளிச்சுக்கலாம்" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இங்கே அப்படி உட்கார்ந்தால் நஷ்டம் நமக்குத்தான். கேட்டலில் எதுவும் ஒரு தடவைதான் ஒலிக்கும், முதல் சில பகுதிகளில் கேள்வியே திரையில் இருக்காது, காதால்தான் கேட்க வேண்டும். கழிவறைக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போகலாம், கடிகாரம் காத்திருக்காது. அதனால் காலையில் பெரிய கோப்பைக் காபி வேண்டாம். இரண்டு இட்லியோ, பிரெட்டோ, தினமும் எதைச் சாப்பிடுகிறீர்களோ அதே போதும். பரீட்சைக்குப் போகிறான் பையன் என்று யாராவது நெய் ஊற்றிப் பொங்கல் வைத்துக் கொடுத்தால் திரும்பி வந்து சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் பயப்படும் சத்தத்துக்கு வருகிறேன். கேட்டலிலும் வாசிப்பிலும் மதிப்பெண்ணில் சேராத கேள்விகள் சில கலந்திருக்கும், எவை என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரே அறையில் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர மாட்டார்கள். நீங்கள் மின்னஞ்சலின் இரண்டாவது பத்தியில் திணறிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய தோழிக்கு எந்த வேலை நல்லது என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் இன்னொருவர் படத்தில் இருக்கும் நாயையும் பலூனையும் வர்ணிப்பார். ஹெட்செட் கொஞ்சம் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. இதற்கு அன்றைக்குப் போய் மருந்து தேட முடியாது, முன்னாலேயே பழகிக்கொள்ள வேண்டியதுதான். உங்களுக்குத்தான் பேஸ்மென்டில் நாலு பேர் இருக்கிறார்களே! இந்த வாரம் ஒரு நாள், காலை 8:30க்கே உட்கார்ந்து, அதிகாரபூர்வத் தளத்தில் இலவசமாக இருக்கும் மாதிரித் தேர்வை நடுவில் நிறுத்தாமல் முழுக்க எழுதுங்கள். பசங்களை கிரிக்கெட் போட்டுக்கொண்டு வழக்கம்போல் கத்தச் சொல்லுங்கள். நூலகத்து அமைதியில் எழுதிப் பழகிய பத்து மாதிரித் தேர்வைவிட இப்படி ஒன்று எழுதுவது மேல்.

உங்கள் முறை வரும்போது சத்தத்துக்குப் போட்டியாகக் குரலை உயர்த்தாதீர்கள். மைக் உங்கள் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுகிற குரல் போதும். மொத்தம் எட்டு பேச்சுக் கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு யோசிக்க 30 வினாடி, பேச 60 வினாடி. முதலாவதான அறிவுரைக்கும் ஏழாவதான கருத்துக்கும் பேச 90 வினாடி. அந்த 30 வினாடியில் முழு வாக்கியம் எழுதப் பார்த்தால் முதல் வாக்கியம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். மூன்று நான்கு சொற்களைக் கிறுக்கிக்கொள்ளுங்கள், போதும். 20 வினாடி மீதி இருக்கும்போதே "தேங்க்யூ" சொல்லி முடித்துவிடுவதும் நம் பழக்கம். மீதி நேரத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள், ஊரில் நடந்தது, வேலையில் நடந்தது, எதுவானாலும் சரி. பாதி வாக்கியத்தில் நேரம் முடிந்து துண்டித்தால் பயப்படாதீர்கள், அதனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. எட்டாவது கேள்வியில் விசித்திரமான ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்க்காத ஒருவருக்கு விளக்கச் சொல்வார்கள். அதற்குள் எல்லோரும் களைத்துப்போய் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் நிறம், அளவு, பொருள், எது எதற்கு மேலே இருக்கிறது என்று போங்கள், 60 வினாடி தானாக நிரம்பும்.

எழுத்தில் முதலாவது மின்னஞ்சல், 27 நிமிடம். இரண்டாவது ஒரு கருத்துக் கணிப்புக்குப் பதில், 26 நிமிடம். ஒவ்வொன்றும் 150 முதல் 200 சொல். திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும், எழுத்துப்பிழையையும் காட்டும், அந்தக் கவலை இல்லை. கவலை வேறு இடத்தில். பள்ளியில் படித்த "ரெஸ்பெக்டட் சார்", "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" எல்லாம் விரல் நுனியில் காத்துக்கொண்டிருக்கும், களைப்பாக இருக்கும்போது தானாக வந்து விழும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதுகிற புகாரை ஆர்டிஓ ஆபீசுக்குக் கொடுக்கும் மனு மாதிரி எழுதினால் தொனியில் மதிப்பெண் போகும். கேள்வியில் யாருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஆளை மனதில் நிறுத்திக்கொண்டு எழுதுங்கள். கீழே புள்ளி வைத்துக் கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று கடைசி 3 நிமிடத்தில் ஒரு பார்வை பாருங்கள். புது வாக்கியம் சேர்க்கிற வேலையை அந்த 3 நிமிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மனப்பாடம் செய்த ஆரம்ப வரிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்றிரண்டு இருந்தால் தொடங்கக் கை கொடுக்கும். யூடியூபில் பார்த்த முழு மாதிரிப் பதிலையும் கொட்டினால் கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அவர்கள் ஒரே வரியை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார்கள்!

பாதுகாப்புக்கு இப்போதே இன்னொரு தேதி போட்டு வைக்கலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. வேண்டாம். முடிவு சில வேலை நாட்களிலேயே ஆன்லைனில் வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம். ஒரு திறனில் மட்டும் 8 வந்தாலும் நான்கையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும், இரண்டு பரீட்சையில் நல்லதை மட்டும் பொறுக்கிச் சேர்த்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கொடுக்க முடியாது. மறு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதைவிட அந்தப் பணத்தை அடுத்த பரீட்சையில் போடுவது நல்லது என்பது என் எண்ணம். முடிவு இரண்டு வருஷம் செல்லுபடியாகும், ப்ரொஃபைல் போடும்போதும் சரி, அழைப்பு வந்து விண்ணப்பிக்கும்போதும் சரி, அந்த இரண்டு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்த முறை பதிவு செய்ய நேர்ந்தால் ஒரு சனிக்கிழமை மத்தியானமாக, ஸ்கார்பரோ பக்கத்திலேயே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.